பெங்களூரு பீன்யா பக்கம் சொந்த மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

எஸ்.பி. ரோடு பக்கமிருந்து ஒரு சர்வீஸ் ஆள் வருகிறார். நம்ம ஆள், தமிழில் நன்றாகப் பேசுவார், பீன்யாவில் நாலைந்து கம்பெனிகளில் அவருக்குப் பழக்கம். எங்கள் முதலாளியும் அதை நம்பித்தான் கூப்பிட்டார். பெயர் போடவில்லை. செய்த வேலையைச் சொல்கிறேன், ஆளை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

எங்களுடையது மெஷின் உதிரிபாகம் விற்கும் சின்ன கம்பெனி. டெபியன் லினக்ஸ் சர்வரில், மெயிலை அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும் வந்த மெயிலைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் டவ்காட்டும் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு வெளியில் சுற்றும் மார்க்கெட்டிங் பையன்களுக்கு மெயில் வந்தது, ஆனால் போனிலிருந்து அனுப்ப முடியவில்லை.

அவர் வந்தார். சர்வர் தன் கோளாறுகளை எழுதி வைக்கும் லாக் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் ஏதோ தட்டினார். அப்புறம் பையன்களிடம், "அவுட்கோயிங் செட்டிங்கில பாஸ்வேர்டை எடுத்துடுங்க தம்பி, இனிமே தேவையில்ல" என்றார். மெயிலும் போகத் தொடங்கியது. 12,000 ரூபாய் ஜிபேயில் வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு, "அனுப்பறேன் சார்" என்றார். இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

கொஞ்ச நாளில் கோயம்புத்தூர் பார்ட்டி ஒருவர் போன் செய்து, கொட்டேஷன் வரவேயில்லை என்றார். இங்கே யாருக்கும் எந்த எச்சரிக்கையும் வந்திருக்கவில்லை. எதிர்ப்பக்கம் தற்காலிகமாக மறுத்தால் போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயன்றுவிட்டுத்தான் மெயிலைத் திருப்பும். நாமாக மாற்றி வைக்காவிட்டால் நடுவில் வாயே திறக்காது. அனுப்பக் காத்திருக்கும் மெயில்களைக் காட்டும் மெயில்கியூ கட்டளை கொடுத்துப் பார்த்தேன். திரை நிற்காமல் ஓடியது. அத்தனையும் யார் யாரோ யார் யாருக்கோ அனுப்பிய குப்பை. நடுவில் எங்கேயோ எங்கள் கொட்டேஷன்.

அவருக்கே போன் செய்தோம். "உங்க ஐபி பிளாக்லிஸ்ட் ஆயிடுச்சு சார். எடுக்கணும்னா வெளிநாட்டுக்கு டாலர்ல கட்டணும், 25,000 ஆகும்" என்றார். இந்த இடத்தில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் ஐபி, அதாவது சர்வரின் இணைய முகவரி, இருந்தது குப்பை மெயில் வரும் முகவரிகளைப் பட்டியல் போடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பட்டியலில். அங்கே பெயரை நீக்க ஒரு பைசா கிடையாது. அவர்கள் தளத்தில் ஐபியைப் போட்டுப் பார்த்து, கோளாறைச் சரிசெய்துவிட்டு, நாமே விண்ணப்பிக்கலாம். கோளாறு அப்படியே இருந்தால் எடுத்தாலும் மறுபடி ஏறிவிடும். காசு கட்டியிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

ஒயிட்ஃபீல்டில் லினக்ஸ் வேலை பார்க்கும் என் அக்கா மகனை உட்கார வைத்தேன். பார்த்ததும் சிரித்துவிட்டான். "மாமா, சாவி தொலைஞ்சதுன்னு கதவையே கழட்டி வெச்சிட்டுப் போயிருக்கார்." பாஸ்வேர்டு இல்லாமலே யாரை நம்பலாம் என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லும் மைநெட்வொர்க்ஸ் வரியில் 0.0.0.0/0 என்று இருந்தது. அதாவது உலகத்தில் யார் வந்தாலும் பாஸ்வேர்டு கேட்காமல் எங்கள் சர்வர் வழியாக மெயில் அனுப்பலாம். சென்ட்மெயில் என்ற பழைய மெயில் சர்வர் மென்பொருளே 1998-இல் 8.9 பதிப்பில் மூடிய ஓட்டை இது. இவர் காசு வாங்கிக்கொண்டு திறந்து வைத்திருக்கிறார்.

உண்மையான கோளாறு பழைய லாக்கிலேயே இருந்தது: பிரைவேட்/ஆத் என்ற சாக்கெட், அதாவது இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வாசல், இல்லை என்று வரிக்கு வரி. பாஸ்வேர்டு சரியா என்று போஸ்ட்ஃபிக்ஸ் டவ்காட்டிடம் கேட்பது அதன் வழியாகத்தான். அப்டேட்டில் டவ்காட்டின் 10-மாஸ்டர் என்ற செட்டிங் கோப்பு புதிதாக மாறியதில் அந்தச் சில வரிகள் போய்விட்டன. அக்கா மகன் அவற்றைத் திரும்ப எழுதி, மைநெட்வொர்க்ஸ் வரியையும் சரிசெய்து, இரண்டு சர்வீஸையும் ரீஸ்டார்ட் செய்தான். காத்திருக்கும் மெயிலை அழிக்கும் போஸ்ட்சூப்பர் கட்டளையால் குப்பையை மட்டும் அழித்தான். எல்லாவற்றையும் அழித்திருந்தால் கொட்டேஷனும் போயிருக்கும்.

இன்னொன்றும் கிடைத்தது. சர்வரின் முழு அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில், பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே வர அனுமதிக்கும் டிஜிட்டல் சாவிகளை வைக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் கடைசி வரியாக ஒரு புது சாவி, வால் பகுதியில் அவருடைய லேப்டாப் பெயர். யாரிடமும் சொல்லாமல் போட்டது. ரூட் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அதை வைத்து உள்ளே வரலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். போனை எடுப்பதில்லை. அதே தெருவில் இன்னொரு கம்பெனிக்கு வந்து போனதாகக் கேள்வி. அவர் கைவைத்த சர்வர் உங்களிடம் இருந்தால் இன்றைக்கே போஸ்ட்ஃபிக்ஸ் செட்டிங்கைக் காட்டும் போஸ்ட்கான்ஃப் கட்டளை கொடுத்து மைநெட்வொர்க்ஸ் வரியைப் பாருங்கள். சர்வரின் சொந்த முகவரிகளும் (127-இல் தொடங்குவது, [::1]/128, [::ffff:127.0.0.0]/104) உங்கள் ஆபீஸ் நெட்வொர்க்கும் தவிர வேறு எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அந்தச் சாவிக் கோப்பையும் கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.