கலிங்கத்துப்பரணி உரைப் பதிப்பு: வாங்கலாமா?

போன மாசம் ஒரு புத்தகக் கடையில கலிங்கத்துப்பரணி உரையோட வாங்கினேன், பேப்பர் நல்லா கெட்டியா இருக்கு, ஆனா உரை எழுத்து ரொம்பப் பொடிசு, ராத்திரி படிச்சா கண்ணு வலிக்குது. மத்தபடி தாராளமா வாங்கலாம்.

சோழ ராஜா முதலாம் குலோத்துங்கன் காலத்துல அவரோட தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்து (இன்னிக்கு ஒடிசா பக்கம்) மேல படையெடுத்துப் போன கதை, செயங்கொண்டார் பாடினது. "எடுமெடு மெடுமென வெடுத்ததோர்"னு போர் ஆரம்பிக்கிற இடத்தை சத்தமா வாய்விட்டு படிங்க, படை ஓடி வர்ற மாதிரியே கேக்கும்.

ஆனா என்னை உலுக்கினது கடைசிப் பகுதி. சண்டை முடிஞ்ச களத்துல பேய்ங்க எல்லாம் கூடி, செத்தவங்க உடம்பை வச்சே கூழ் காய்ச்சி, காளிக்குப் படைச்சுட்டு பந்தி போட்டு சாப்பிடுதுங்க, நம்ம வீட்டுல நடக்கிற பல் தேய்க்கிறது, பாத்திரம் கழுவுறது, அரிசி குத்துறது எல்லாமே அங்க ரத்தத்துலயும் எலும்புலயும் நடக்குது. சின்ன வயசுல இதை வேடிக்கையா படிச்சேன், இப்ப அந்தக் கூழ் யாரோட பிள்ளைங்கன்னு நெனச்சதும் புத்தகத்தை மூடி வச்சுட்டேன். பாட்டு சோழனோட வெற்றிக்குத்தான், ஆனா பரணிங்கிற போர்ப் பாட்டு வகைக்கு தோத்தவங்க பேரைத்தான் வைப்பாங்க, அதனால இன்னிக்கும் அட்டையில நிக்கிறது கலிங்கம்.