முப்பது நாள் சந்தாவில் எந்த ஆர்.பி.ஜி.?

"அம்மான், அப்பச்சி ஒரு மாசத்துக்குத்தான் காசு குடுத்திருக்காக. கேம் பாஸ்ல எதை விளையாடறது?"

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை முடித்துக் காரைக்குடிக்கு வந்த அக்கா மகன், பையைக்கூட உள்ளே வைக்காமல் முகப்பில் நின்றே கேட்டான். நியாயமான கேள்விதான். கேம் பாஸ் என்பது மாதச் சந்தா கட்டி எக்ஸ்பாக்ஸில் கேம்களை விளையாட மைக்ரோசாஃப்ட் நடத்தும் சேவை; ஆர்.பி.ஜி. என்றால் ஒரு பாத்திரமாகவே மாறிக் கதைக்குள் ஆடும் ரோல் பிளேயிங் கேம். சிறந்த ஆர்.பி.ஜி. பத்து, இருபது என்று பட்டியல்கள் எங்கே பார்த்தாலும் கிடைக்கின்றன. ஒன்றிலும் முப்பது நாள் கணக்கு இல்லை. 200 மணி நேரம் ஓடும் கேமும் 30 மணி நேரத்தில் முடியும் கேமும் அதில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். சந்தா கட்டி விளையாடுகிறவனுக்கு அந்த வித்தியாசம்தான் முதல் கணக்கு.

இந்தியாவில் 2025 அக்டோபரில் கேம் பாஸின் மேல்தட்டான அல்டிமேட் சந்தா மாதம் 829 ரூபாயிலிருந்து 1,389 ரூபாய்க்கு ஏறியது. அதற்குக் கீழே பிரீமியம் 699, எசென்ஷியல் 499 என்று வைத்தார்கள். கேம் வெளியாகிற அன்றைக்கே வேண்டும் என்றால் அல்டிமேட்தான். மைக்ரோசாஃப்ட் தானே வெளியிடும் கேம்கள் ஒரு வருஷத்துக்குள் பிரீமியத்துக்கும் வந்துவிடும் என்பது ஏற்பாடு; கால் ஆஃப் டியூட்டி மட்டும் அதில் சேராது. பழைய கேம்களை நிதானமாக விளையாடுகிறவர் அல்டிமேட்டுக்கு அழ வேண்டியதில்லை.

அடுத்தது இடம். எங்கள் வீட்டில் இருப்பது எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ். பெட்டியில் 512 ஜி.பி. என்று போட்டிருந்தாலும் கையில் கிடைப்பது சுமார் 364. ஸ்டார்ஃபீல்டு மாதிரிப் பெரிய கேம் ஒன்றே அதில் பெரும் பங்கைக் கேட்கும். 40 எம்.பி.பி.எஸ். வேக இணைய இணைப்பில் 125 ஜி.பி. இறங்க ஏழு மணி நேரம் ஆகும், அதுவும் வேகம் குறையாமல் இருந்தால். ரவுட்டர் முகப்பில், டிவி இரண்டாங்கட்டில். அந்தக் காலத்துச் சுவரைத் தாண்டி வைஃபை வருவதற்குள் பாதி செத்துவிடுகிறது. கடைசியில் வளவு ஓரமாக ஒரு லேன் கேபிளை இழுத்துவிட்டேன். ஆத்தங்குடிக் கல்லில் ஆணி அடிக்கிறாயா என்று ஆத்தா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. (அடிக்கவில்லை. டேப்தான் ஒட்டினேன்.)

மூன்றாவதாக ஒன்று உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. கேம் பாஸில் இருக்கும் கேம்களில் சில வீட்டுக்காரர்கள், சில விருந்தாளிகள். ஸ்கைரிம், ஃபால்அவுட், ஸ்டார்ஃபீல்டு எல்லாம் பெதெஸ்டாவின் கேம்கள். அதன் தாய் நிறுவனமான ஜெனிமேக்ஸை 2021இல் 750 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. அவோடு (Avowed) என்ற கேமைச் செய்த அப்சிடியன் நிறுவனம் 2018இலேயே உள்ளே வந்துவிட்டது. இவை கிளம்பிப் போக வாய்ப்பு குறைவு. மற்ற நிறுவனங்களின் கேம்கள் ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிவிடும். ஒரு ஜப்பான் ஆர்.பி.ஜி.யில் நான் அறுபது மணி நேரம் போட்டு, கதை உச்சத்துக்கு வரும் நேரத்தில் "விரைவில் விலகுகிறது" பட்டியலில் அதன் பெயர் வந்தது. பெயர் வேண்டாம். அப்போதிருந்து என் வழக்கம், விருந்தாளியை முதலில் கவனிப்பது.

இப்போதைக்குப் பெரிய விருந்தாளி கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33. பிரான்சில் மோன்பெலியே நகரத்துச் சின்னக் குழுவான சேண்ட்ஃபால் செய்தது. 2025 ஏப்ரல் 24 அன்று வெளியான நாளிலேயே கேம் பாஸுக்கும் வந்தது. அந்த ஆண்டு கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் உட்பட ஒன்பது விருதுகளை அள்ளியது. விருதை விடுங்கள், கதையின் முடிச்சைப் பாருங்கள். கடலுக்கு அப்பால் நிற்கும் பெரிய கல்லில் வருஷத்துக்கு ஒரு முறை ஒரு பெண் உருவம் ஓர் எண்ணை எழுதுகிறது. அந்த வயதுக்காரர்கள் அன்றைக்கே பூவிதழாக உதிர்ந்து மறைந்துபோகிறார்கள். எண் 100இலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வந்து, கதை தொடங்கும்போது 33. அவளைத் தடுத்து நிறுத்தக் கிளம்பும் படையில் இருப்பவர்களில் பலருக்கு மிச்சம் ஒரே வருஷம்.

இதைப் பையன் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஆத்தா வந்து பின்னால் உட்கார்ந்தாள். என்ன நடக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். "வயசை எழுதி வச்சு ஆளைக் கூப்புடுறாளா? சண்டாளி. எனக்கு எழுபத்தி மூணு, என் நம்பர் எப்பவோ போயிருக்கும்" என்றாள். அறுபதுக்குச் சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று வயதை எண்ணி எண்ணிப் பந்தல் போடும் ஊரில் இந்தக் கதை வேறு மாதிரி உறைக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் வரும் துறைமுகக் காட்சியில் ஆத்தா முந்தானையை எடுத்துவிட்டாள். ஒரு கேமுக்கு எங்கள் வீட்டில் யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

சண்டை முறைவைத்து நடக்கும், ஆனால் எதிரியின் முறையில் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. அவன் வீசும் நொடியில் விலக வேண்டும், அல்லது தடுத்துத் திருப்பி அடிக்க வேண்டும். விலகுவதற்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம் தாராளம்; தடுப்பதற்குக் குறைவு. முதலில் விலகப் பழகு, விலகல் கச்சிதமாக விழ ஆரம்பித்த பிறகு தடுப்புக்குப் போ என்றுதான் பையனிடம் சொன்னேன். டிவியில் கேம் மோடைப் போட்டுக்கொள்வது முக்கியம். போடாவிட்டால் பொத்தான் ஒரு கணம் தாமதமாக விழுந்து, தப்பு உங்கள் மேல் என்று நினைத்துக்கொண்டே இருப்பீர்கள். முதன்மைக் கதை 30 மணி நேரம் சுமாருக்கு முடியும். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் மூன்று வாரம். மாதச் சந்தாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

குறையும் உண்டு. வழி காட்டும் வரைபடம் உள்ளிடங்களில் கிடையாது, ஒரே மாதிரி இருக்கும் பாறை இடுக்கில் சுற்றிக்கொண்டே இருக்கலாம். நினைத்த இடத்தில் நாமே சேவ் செய்துகொள்ளவும் முடியாது, கேமே பார்த்துச் செய்வதுதான். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போகும் கரண்ட் சொல்லிவிட்டுப் போகும், அது பரவாயில்லை. சாயங்காலம் காற்றடித்ததும் போகிற கரண்ட் சொல்லிக்கொள்ளாது. இன்வெர்ட்டரில் விசிறியும் விளக்கும்தான் ஓடும். பெரிய எதிரியைக் கால் உயிருக்குக் கொண்டுவந்த நேரத்தில் டிவி அணைந்தால் அந்தச் சண்டை மறுபடி முதலிலிருந்துதான்.

இந்த ஒரு விஷயத்தில் பழைய பெதெஸ்டா கேம்கள்தான் நமக்குத் தோது. ஸ்கைரிமில் நடுரோட்டில், நடுச்சண்டையில், டிராகன் வாய்க்கு முன்னால் நின்றுகூட சேவ் போடலாம். 2011 நவம்பர் 11 அன்று வந்த கேம்; இன்னும் ஆள் குறையவில்லை. குகை, கொள்ளைக்காரர் கூட்டம், மந்திரப் பள்ளி, மலையுச்சி மடம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலை இருக்கும், சில வேலைகளைக் கேமே புதிதாக உண்டாக்கித் தந்துகொண்டே இருக்கும். அதாவது முடிவே கிடையாது. அங்கேதான் கணக்கு இடிக்கிறது. மாதாமாதம் சந்தா கட்டி ஸ்கைரிமில் அரை வருஷம் குடியிருப்பது, சொந்தமாக வாங்கியிருக்க வேண்டிய வீட்டுக்கு வாடகை கட்டுவது மாதிரி. தள்ளுபடி விற்பனை வரும்போது வாங்கிப் போட்டுவிடுங்கள். சந்தா முடிந்தாலும் சேவ் மேகக்கணியில் அப்படியே இருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஸ்கைரிமுக்கு அண்ணன் அப்ளிவியன். 2006இல் வந்தது, புது மேனி பூசிய ரீமாஸ்டர் 2025 ஏப்ரல் 22 அன்று, அறிவித்த அன்றே வெளியானது. முகம் அன்ரியல் எஞ்சின் 5 என்ற புது மென்பொருளில் வரைந்தது, உள்ளே எலும்பு பழைய கேம்தான். திறந்த வெளியில் படம் தடுக்கித் தடுக்கி ஓடும் என்பது வந்த நாளிலிருந்தே பரவலாகச் சொல்லப்பட்ட குறை. நாம் வளர வளர எதிரியும் வளர்வதால், வழிப்பறி செய்கிறவன் ராஜா வீட்டுக் கவசத்தைப் போட்டுக்கொண்டு நூறு காசு கேட்டு மிரட்டும் கூத்தும் அப்படியே இருக்கிறது. எழுத்தில் மட்டும் ஸ்கைரிமைவிட ஒரு படி மேலே. கொலைகாரர் சங்கத்து வேலைகளில் ஒன்று: பெரிய வீடு ஒன்றில் ஐந்து விருந்தாளிகள், எங்கோ புதையல் பெட்டி இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பவருக்கே சொந்தம் என்று சொல்லிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். ஆறாவது ஆளாக நாம் போகிறோம். புதையல் எதுவும் இல்லை. ஒவ்வொருவரிடமும் சிரித்துப் பேசி, யாருக்கும் சந்தேகம் வராமல் ஐந்து பேரையும் முடிக்க வேண்டும். இருட்டிய பிறகு எங்கள் வளவில், ஆளில்லாத அறைக் கதவுகளுக்கு நடுவே உட்கார்ந்து இதை விளையாடிப் பாருங்கள். மாடிப்படி தானாக முனகும்.

ஸ்டார்ஃபீல்டைப் பற்றி நீட்ட மாட்டேன். 2023 செப்டம்பரில் வந்தது, ஆயிரத்துக்கு மேல் கிரகங்கள். கானாடுகாத்தானில் பூட்டியே கிடக்கும் வீடுகள் ஞாபகம் வந்தன: வரிசையாக அறைகள், தேக்குத் தூண், எல்லாம் இருக்கும், குடியிருக்க ஆள் இருக்காது. கப்பல் கட்டுவதில் ஆசை உள்ளவர்களுக்குச் சரி. இருக்கிற 364 ஜி.பி.யில் இவ்வளவு பெரிய பங்கை இதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவோடு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. 2025 பிப்ரவரியில் வந்தது. சாம்ராஜ்யத்தின் தூதராக, கடல் தாண்டிய தேசத்துக்கு ஒரு கொள்ளைநோயை விசாரிக்கப் போகிறோம். உள்ளூர்க்காரர்கள் நம்மை நம்புவதில்லை, நம்பவும் காரணமில்லை. கொண்டுவிக்கப் போகிறேன் என்று பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய ஐயாமார் கதைகளைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, அன்னிய மண்ணில் யார் பக்கம் நிற்பது என்ற அந்தக் கேள்வி விளையாட்டாகத் தெரியவில்லை. சண்டை விறுவிறுப்பு, மந்திரமும் துப்பாக்கியும் கலந்து அடிக்கலாம். ஆனால் உலகம் கொஞ்சம் பொம்மை: தட்டை எடுத்தால் திருட்டு என்று யாரும் கத்துவதில்லை. ஸ்கைரிம் பழகியவர்களுக்கு இது உறுத்தும். இதுவும் 30 மணி நேரப் பக்கம் முடிந்துவிடும், அது ஒரு பெரிய வசதி. விருந்தாளி இல்லை என்பதால் அவசரமும் இல்லை.

மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷன், மூன்று கேம் சேர்ந்த பொட்டலம், அல்டிமேட்டோடு சேர்ந்து வரும் ஈ.ஏ. பிளே என்ற இன்னொரு சந்தாவில் இருக்கிறது. முதல் கேமில் எடுத்த முடிவு மூன்றாவதில் வந்து முகத்தில் அடிக்கும். அதனால் நடுவில் நிறுத்தினால் ருசி போய்விடும். முப்பது நாளில் மூன்றையும் முடிப்பது வேலை வெட்டி உள்ளவர்களால் ஆகாது.

எனக்குச் சொந்தமாகப் பிடித்தது எது என்று கேட்டால் ஃபால்அவுட்: நியூ வேகாஸ். 2010. படம் பழசு, மனிதர்களின் முகம் மைதா மாவு, திடீரென்று கேமே உறைந்து நிற்கும். அரை மணிக்கு ஒரு சேவ் கட்டாயம். ஆனால் எழுத்து! தலையில் குண்டு பட்டுப் புதைக்கப்பட்ட தபால்காரன் பிழைத்து எழுந்து, தன்னைச் சுட்டவனைத் தேடுவதில் தொடங்குகிறது. கையில் துப்பாக்கி எடுக்காமலே பாதிக் கேமை வாயால் ஜெயிக்கலாம். இறுதியில் எதிர்ப்படும் படைத்தலைவனிடம், பேரம் பேசும் திறனைப் போதுமான அளவு ஏற்றி வைத்திருந்தால், கணக்கு பேசலாம்: இவ்வளவு தூரம் வந்துவிட்டாய், பின்னாலிருந்து சோறும் தளவாடமும் எப்படி வரும், பிடித்த ஊரை எதை வைத்துக் கட்டிக் காப்பாய் என்று. அவன் யோசித்துவிட்டுப் படையைத் திருப்பிக்கொண்டு போவான். வரவு செலவுக் கணக்கைக் காட்டி ஒரு போரை நிறுத்துகிற கேமை எங்கள் ஊர்க்காரனுக்குச் சிபாரிசு செய்யாமல் எப்படி இருப்பது?

ஆகவே பையனுக்கு நான் சொன்ன வரிசை: முதலில் கிளேர் அப்ஸ்க்யூர், நாள் மிஞ்சினால் நியூ வேகாஸ், அவோடு அடுத்த லீவுக்கு, ஸ்கைரிம் விலைக்கு வாங்க. கூடவே, முதல் நாளே ஆட்டோ ரெனியூவலை அணைத்துவிடு என்றும் சொன்னேன். அணைத்தாலும் கட்டிய மாதம் ஓடும்.

கிளேர் அப்ஸ்க்யூரை இருபதாம் நாள் முடித்தான். கடைசியில் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவன் எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை, நான் எடுத்தது அவனுக்குப் பிடிக்கவில்லை, சாப்பிடும்போதுகூடச் சண்டை. "அந்தப் புள்ளைக்கு என்னடா ஆச்சு கடைசீல?" என்று ஆத்தா கேட்டபோது இருவரும் இரண்டு பதில் சொன்னோம்.

மிச்சம் பத்து நாளில் நியூ வேகாஸைப் பிடித்தான். சந்தா முடிகிற அன்று ராத்திரி பதினொரு மணிக்கு அறைக்கு வந்து எழுப்பினான்.

"அம்மான், பேரத்துல எண்பது வரைக்கும்தான் ஏத்தியிருக்கேன். போதுமா?"