கிராண்ட் டிடூரில் ஜான் டீரின் கொல்லன் பட்டறை: போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

சிகாகோவிலிருந்து மேற்கே சுமார் இரண்டு மணி நேர கார்ப் பயணம். டிக்ஸன் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ராக் ஆறு பெரிதாக வளைந்து திரும்பும் இடத்தில் கிராண்ட் டிடூர் என்ற சின்ன ஊர் இருக்கிறது, இதுவும் இல்லினாய் மாநிலம்தான். இன்று டிராக்டர்களுக்குப் பேர்போன ஜான் டீர் நிறுவனத்தைத் தொடங்கிய கொல்லர் ஜான் டீர் 1837-ல் எஃகுக் கலப்பை செய்த பட்டறை இங்கேதான் இருந்தது. பச்சை டிராக்டர்களைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துத்தான் என் மகன் வண்டியில் ஏறினான். உங்கள் வீட்டிலும் அந்த எதிர்பார்ப்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், டிராக்டர் பார்க்க வேண்டுமென்றால் மோலின் நகரில் இருக்கும் அந்த நிறுவனத்தின் காட்சிக்கூடத்துக்குப் போக வேண்டும். இங்கே இருப்பது ஒரு தொழிலாளியின் வீடு, அவருடைய பட்டறை, அது நின்ற மண். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

முதலில் பட்டறையைப் பற்றிச் சொல்கிறேன், நாங்கள் அதிக நேரம் நின்றதும் அங்கேதான். அந்தக் காலப் பட்டறை மாதிரியே கட்டி வைத்திருக்கிறார்கள், உள்ளே நிஜமாகவே ஒரு கொல்லர் வேலை செய்து காட்டுகிறார். உலையில் இரும்பைச் செருகித் துருத்தியால் காற்று ஊதுகிறார், தணல் சிவப்பிலிருந்து மஞ்சளாக மாறுகிறது, குறட்டால் இரும்பை எடுத்துப் பட்டடைக்கல்லில் வைத்தால் நாலைந்து அடிதான் அடிக்க முடிகிறது, அதற்குள் நிறம் மங்கி இரும்பு இறுகிவிடுகிறது, மறுபடியும் உலைக்குள். ஒரு சின்னக் கொக்கி செய்வதற்கே இத்தனை தடவை. ஒரு முழுக் கலப்பைக்கு எத்தனை தடவை சூடேற்றியிருப்பார், எத்தனை ஆயிரம் அடி அடித்திருப்பார் என்று நின்று யோசிக்க வைக்கும் இடம் இது. டீர் ஆரம்பத்தில் கலப்பைக்காரரே கிடையாது. குதிரைக்கு லாடம், வண்டிக்குப் பட்டை, வைக்கோல் வாரும் கவை, உடைந்த பாத்திரம், மர அறுவை ஆலையில் முறிந்த தண்டு என்று ஊரார் எதைக் கொண்டுவந்தாலும் சரிசெய்து கொடுத்த சாதாரண ஊர்க் கொல்லர்தான் அவர்.

அவர் இங்கே வந்து சேர்ந்த கதையைத் தெரிந்துகொண்டு போனால் பட்டறை வேறு மாதிரி தெரியும். 1804-ல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா தையல்காரர். டீர் சிறு பையனாக இருக்கும்போதே அப்பா இங்கிலாந்துக்குக் கப்பலேறினார், திரும்பி வரவே இல்லை. 17 வயதில் மிடில்பரி ஊரில் ஒரு கொல்லரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டார், அது தீப்பிடித்தது, மறுபடி கட்டினார், அதுவும் எரிந்தது. கடன் ஏறிக்கொண்டே போனது. 1836-ல் மனைவி டெமேரியஸையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, கொஞ்சம் கருவிகளும் எழுபத்துச் சொச்சம் டாலரும் மட்டும் எடுத்துக்கொண்டு மேற்கே கிளம்பினார். அதே வெர்மான்டிலிருந்து முன்பே வந்திருந்த லெனார்ட் ஆண்ட்ரஸ் இங்கே ஊரை நிறுவி, மர அறுவை ஆலையும் நடத்திக்கொண்டிருந்தார். சுற்று வட்டாரத்தில் கொல்லர் இல்லாததால் வந்த உடனேயே வேலை குவிந்துவிட்டது.

அந்த வேலைகளுக்கு நடுவில்தான் விவசாயிகளின் ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப அவர் காதில் விழுந்திருக்கிறது. கிழக்கிலிருந்து கொண்டுவந்த வார்ப்பிரும்புக் கலப்பைகள் அங்கே மணல் கலந்த மண்ணில் நன்றாகத்தான் உழுதன. இல்லினாய்க் கரிசலில் இறக்கினால் மண் களி மாதிரி அப்பிக்கொள்கிறது, சில அடிக்கு ஒரு தடவை மாட்டை நிறுத்தி, மரக்கட்டையால் சுரண்டிவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். நொந்துபோய் ஊரை விட்டுப் போகலாமா என்று யோசித்தவர்களும் உண்டு. ஆலையில் உடைந்து கிடந்த எஃகு ரம்பத் தகடு ஒன்றை டீர் எடுத்து வெட்டி, வளைத்து, பளபளவென்று மெருகேற்றினார். உழும்போது மண் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு விழுந்தது. வெர்மான்டில் இருந்தபோதே அவர் செய்த வைக்கோல் கவைகள் மெருகுக்குப் பேர்போனவை. அந்தக் கைப்பழக்கம் இங்கே உதவியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஃகில் முதன்முதலாகக் கலப்பை செய்தவர் இவர்தான் என்று பலர் சொல்வார்கள், அது சரியில்லை. அதே இல்லினாயில் ஜான் லேன் என்ற இன்னொரு கொல்லர் 1833-லேயே ரம்பத் தகட்டிலிருந்து கலப்பை செய்திருக்கிறார். டீருடைய பெருமை அதற்குப் பிறகு அவர் செய்ததில்தான் இருக்கிறது. அந்தக் காலக் கொல்லர் யாராவது வந்து கேட்டால்தான் செய்வார். இவர் கேட்பதற்கு முன்பே செய்து வைத்து, போய் உழுது பாருங்கள் என்று விற்றார், குறை சொன்னால் அடுத்ததை மாற்றினார். நல்ல எஃகு உள்ளூரில் கிடைக்காததால் முதலில் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார், 1846-ல் பிட்ஸ்பர்க் ஆலை ஒன்று அவருக்கென்றே எஃகுத் தகடு உருக்கிக் கொடுத்தது. ஒரு ஊர்க் கொல்லருக்கு அந்த நாளில் இது எவ்வளவு பெரிய துணிச்சல்!

அடுத்தது தோண்டிய இடம். 1962-ல் இல்லினாய்ப் பல்கலைக்கழகத் தொல்லியல் குழு இங்கே தோண்டிப் பழைய பட்டறையின் தடத்தைக் கண்டுபிடித்தது. அந்தக் குழியை மூடாமல் அப்படியே வைத்து, மேலே கூரை போட்டுக் கட்டிடமாக்கியிருக்கிறார்கள். சுற்றி நின்று கீழே எட்டிப் பார்க்கலாம். குழந்தைகள் இதை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவார்கள், அவர்களைப் பட்டறையில் விட்டுவிட்டு நீங்கள் தனியாக வந்து நிதானமாகப் பாருங்கள்.

வீடு சின்னது, 1836-ல் அவரே கட்டியது. டெமேரியஸ் பிள்ளைகளோடு வந்து சேர இரண்டு வருஷம் ஆனது. கைக்குழந்தையை அப்பா முதன்முதலாகப் பார்த்ததே இங்கேதான். அந்த அறைகளுக்குள் நிற்கும்போது, இத்தனை பேர் இல்லினாய்க் குளிர்காலத்தை இதற்குள்தான் கழித்தார்கள் என்பது மனதில் தங்கிவிடுகிறது.

வெளியே பழைய புல்வெளியின் சின்னத் துண்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து தவறவிடாதீர்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளரும் புல், அதன் வேர் மண்ணுக்குள் அதைவிட ஆழமாகப் போகும். ஒரு காலத்தில் இந்த மாநிலத்தின் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தது, இப்போது ஆயிரத்தில் ஒரு பங்கு கூட மிச்சமில்லை. உழுதது இந்த மாதிரிக் கலப்பைகள்தான். பூர்வகுடித் தலைவர் பிளாக் ஹாக் அமெரிக்கப் படைகளோடு மோதிய 1832 போருக்குப் பிறகு, அவருடைய சாக் இன மக்களைத் துரத்திவிட்டுத்தான் இந்த ஆற்றோரம் குடியேறிகளுக்குக் கிடைத்தது. டீரின் உழைப்பை மனதாரப் பாராட்டுகிறேன், ஆனால் அந்தப் புல்லுக்கு முன்னால் நிற்கும்போது மனசு கனத்தது.

கிராண்ட் டிடூர் பெரிதாக வளரும் என்று ஆண்ட்ரஸ் நம்பினார். வளரவில்லை. ரயில் டிக்ஸன் வழியாகப் போய்விட்டது. டீர் அதற்கு முன்பே, 1848-ல், மிசிசிப்பிக் கரையில் மோலினுக்கு மாறிவிட்டார். ஆலையை ஓட்ட ஆற்றுத் தண்ணீர், சரக்கை அனுப்பப் படகு, இரண்டும் அங்கே இருந்தன. அடுத்த வருஷமே 16 பேரை வைத்துக்கொண்டு 2,136 கலப்பைகள்! 1857 பொருளாதார நெருக்கடியில் மறுபடி கடன் மிரட்டியபோது நிர்வாகம் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த மகன் சார்ல்ஸ் கைக்குப் போனது. பிறகு டீர் மோலினின் மேயராகவும் இருந்து, 1886-ல் அங்கேயே காலமானார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், திறந்திருக்கும் நாட்களைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். எல்லாம் பார்க்க இரண்டு மணி நேரம் போதும். கொல்லர் வேலை செய்யும் நேரத்தில் போவது முக்கியம், அது இல்லாமல் பட்டறை பாதி அனுபவம்தான். உலைக்குப் பக்கத்தில் வெயில் காலத்தில் நல்ல சூடு, கைக்குழந்தை இருந்தால் கதவோரம் நில்லுங்கள். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள், நாங்கள் போகிற வழியில் ஒரு கடையில் ஒரு மணி நேரம் காத்திருந்ததில் முதல் செய்முறையைத் தவறவிட்டோம். அடுத்ததற்காகக் காத்திருந்து பார்த்தோம், மகன் அதை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினான்.