பென்னி பிளாக்: டை புரூஃபா, பிளேட் புரூஃபா?

தபால்தலையை விற்பனைக்கு அச்சிடும் முன் எடுக்கும் சோதனைப் பிரதியை 'புரூஃப்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஒற்றை மூல அச்சிலிருந்து (டை) எடுப்பது டை புரூஃப், முழுத் தாளுக்கான தகட்டிலிருந்து (பிளேட்) எடுப்பது பிளேட் புரூஃப்; இரண்டும் வேறு வேறு சரக்கு. 1840-இல் பெர்கின்ஸ் பேக்கன் நிறுவனம் அச்சிட்ட, உலகின் முதல் ஒட்டும் தபால்தலையான பென்னி பிளாக்கை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

கீழ் மூலைகள் இரண்டையும் கவனியுங்கள். காலியாக இருந்தால் அநேகமாக டை புரூஃப். மூல எஃகு அச்சில் விக்டோரியாவின் தலை, மேல்மூலை நட்சத்திரங்கள் எல்லாம் உண்டு. கீழ்மூலை எழுத்துகள் மட்டும் கிடையாது. அந்த அச்சை உருளையில் எடுத்து, தகட்டில் 240 முறை பதித்த பிறகுதான் ஒவ்வொன்றிலும் எழுத்துகளைக் கையால் தட்டினார்கள். தாளின் முதல் தபால்தலை ஏ-ஏ (A-A), கடைசி டி-எல் (T-L). சில எழுத்துகள் லேசாகச் சாய்ந்திருப்பதும் அதனால்தான். டை புரூஃபில் சுற்றிலும் அகலமான வெற்றிடமும் இருக்கும், யாரும் கத்தரிக்காமல் விட்டிருந்தால்!

சரி, எழுத்து இருக்கிறது. அது பிளேட் புரூஃபா, சாதாரணத் தபால்தலையா? உண்மையான தலைவலி இங்கேதான். 'கிழிப்பதற்கான ஓரத் துளை இல்லை, அதனால் புரூஃப்' என்ற வழக்கமான சோதனை செல்லாது. பென்னி பிளாக்குக்குத் துளையே கிடையாது. பின்பக்கம் திருப்புங்கள். விற்பனைக்கு வந்த தபால்தலையில் சிறு கிரீட நீர்க்குறி (காகிதத்திலேயே பதிந்த மங்கலான அடையாளம்) இருக்கும். பசை இல்லாததை மட்டும் நம்பிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள்; சாதாரணத் தபால்தலையிலும் தண்ணீரில் நனைத்தால் பசை போய்விடும்.