எட்டரை மீட்டர் ரேக்கோடு எட்டு வருடம்

டர்பன் துறைமுகத்துக்குத் தெற்கே, புராஸ்பெக்டனில் எங்கள் கிடங்கு. அரிசி, பருப்பு, மசாலாதான் சரக்கு. 2017-இல் 8.5 மீட்டர் உயரத்துக்கு ஐந்தடுக்கு பாலெட் ரேக் போட்டோம்: தூண்களுக்கு இடையே பீம் என்னும் குறுக்குச் சட்டங்களைக் கோத்து, சரக்கு அடுக்கிய பாலெட் என்னும் தட்டுகளை அவற்றின் மேல் ஏற்றி வைக்கும் இரும்புச் சட்டகம். ஒவ்வொரு பீமும் 2.7 மீட்டர், அதில் தலா ஒரு டன் எடையில் இரண்டு பாலெட். அன்றிலிருந்து அதன் பொறுப்பு என்னிடம்.

இரும்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முழுச் சுமையில் பீம் நடுவில் 13 மி.மீ. வரை தொய்யலாம், நீளத்தில் 200-இல் ஒரு பங்குதான் வரம்பு. சுமையை இறக்கியதும் நிமிர வேண்டும். எங்களுடையவை நிமிர்கின்றன.

தவறு எங்கள் பக்கம் நடந்தது. 2019 தீபாவளிக்கு முன் உயரமான ஜம்போ பைகள் வந்து இறங்கின, அடித்தட்டில் நுழையவில்லை. முதல் பீமை 1.5 மீட்டரிலிருந்து 2.1 மீட்டருக்கு ஏற்றினோம். அரை மணி நேர வேலை. பாலெட்டை உயரத்தில் ஏற்றி இறக்கும் ரீச் ட்ரக் வண்டியை ஓட்டும், சாட்ஸ்வர்த் பகுதியைச் சேர்ந்த அண்ணன் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, மேல இருக்கிற வெயிட் அதேதான், கால் மட்டும் நீளமாயிருச்சே" என்றார். எனக்குச் சுரீர் என்றது.

ரேக் தூண் பெரும்பாலும் நசுங்கி உடைவதில்லை, வளைந்துதான் விழும். பீம் கோத்த இடம்தான் அந்த வளைவைப் பிடித்து நிறுத்துகிறது. தரைக்கும் முதல் பீமுக்கும் இடையே பிடிப்பில்லாத நீளம் கூடினால், தாங்குதிறன் அந்த நீளத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். 1.5-ஐ 2.1 ஆக்கினால் தூண் வளைவதைக் கணக்கிடும் ஆய்லர் சூத்திரப்படி ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். குட்டையான தூணில் குறைவு அவ்வளவு இருக்காது என்றாலும், எவ்வளவு ஏற்றலாம் என்று ரேக்கில் எழுதி மாட்டியிருந்த பழைய சுமைப் பலகை அந்த நிமிடமே பொய்யாகிவிட்டது. ரேக் போட்டுக் கொடுத்தவர்கள் போனில் "பரவாயில்லை" என்றார்கள். எழுத்தில் கணக்குக் கேட்டேன். மூன்று வாரம் கழித்து வந்த கணக்கில் சுமையைக் குறைக்கச் சொல்லியிருந்தது. நல்லவேளை, அதற்குள் மேல் இரண்டு அடுக்கையும் காலி செய்திருந்தோம்.

அப்புறம், பூட்டு ஊசி. பீம் முனையில் இருக்கும் இத்துனூண்டு கம்பி. அது இல்லாவிட்டால், ஏறிவரும் வண்டியின் ஃபோர்க் (பாலெட்டைத் தூக்கும் முள்) தட்டினாலே பீம் தூணின் துளையிலிருந்து கழன்றுவிடும். வாரம் ஒரு தடவை நடந்து பார்க்கும்போது அடிக்கடி கண்ணில் படும் குறை இதுதான்.

தூணில் அடி பட்டிருந்தால் ஒரு மீட்டர் நேர்கோலை வைத்து இடைவெளியை அளக்கிறேன். வளைந்த திசையைப் பொறுத்து வரம்பு 3 அல்லது 5 மி.மீ. தாண்டினால் சுத்தியலால் நிமிர்த்துவதில்லை. அந்தப் பகுதியை மாற்றுகிறோம்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் தரையெல்லாம் தண்ணீர். அடிமூட்டைகள் ஊறிச் சரிந்தன. மேலடுக்கிலிருந்துதான் இறக்க ஆரம்பித்தோம். அதன் பிறகு தூணின் அடித்தகடும், அதைத் தரையோடு பிடிக்கும் நங்கூர போல்ட்டும் துருப்பிடிக்கத் தொடங்கின. கடல் காற்று வேறு. ஆறு மாதத்துக்கொரு முறை சுரண்டிப் பார்க்கிறேன்.

இன்னொரு முறை வாங்கினால், வண்டி மோதாமல் தடுக்கும் தூண் காப்புகளை முதல் நாளே கேட்பேன். தூணில் மாட்டுவது வேண்டாம், தரையில் போல்ட் அடிப்பது வேண்டும்.