ஐபி போன் போடப்போகிறவர்கள் கவனத்திற்கு: “எல்லாம் ஒரே ஸ்டாண்டர்டுதான் சார்” என்று எங்களுக்கு விற்றது

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூவின் மேல்பகுதியை (அப்பர்) தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் அலுவலக நிர்வாகம் என் பொறுப்பில் இருக்கிறது. எங்கள் பழைய இன்டர்காமை எடுத்துவிட்டு, கணினி நெட்வொர்க் வழியாகவே பேசும் ஐபி போன் போட்டுக்கொடுத்த வேலூர் விற்பனையாளர் ஒருவர், விலைப்புள்ளியில் ஒன்றைச் சொல்லி வேறொன்றைப் பொருத்தினார். செய்யாத வேலைக்கு பில் போட்டார். கோளாறு வந்தபோதெல்லாம் பழியைத் தன்னைத் தவிர மற்ற எல்லோர் மேலும் போட்டு, ஒவ்வொரு வருகைக்கும் தனியாகப் பணம் வாங்கினார். வாலாஜா, ஆற்காடு, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்களோ வேலூர் லாட்ஜ்காரர்களோ இதே வேலைக்கு விலைப்புள்ளி வாங்கிக்கொண்டிருந்தால் பயன்படட்டும் என்று நடந்ததை முழுமையாக எழுதுகிறேன். கணக்கு வழக்கு இன்னும் முடியாததால் விற்பனையாளரின் பெயரை விட்டுவிடுகிறேன்.

எங்களிடம் இரண்டு கட்டடங்கள் உண்டு. முன்னால் அலுவலகம், பின்னால் கட்டிங், தையல், பேக்கிங் பிரிவுகள் இருக்கும் ஷெட். அலுவலகத்தில் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் பெட்டியான ஸ்விட்ச் ஒன்று, சிஸ்கோ கேட்டலிஸ்ட் வகை, பல ஆண்டுகளாகத் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டு, ஷெட்டுக்கு மட்டும் புதிதாக ஒரு 24 போர்ட் பிஓஇ ஸ்விட்ச், அதாவது போனுக்கும் கேமராவுக்கும் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் ஸ்விட்ச், வாங்குவது என்று ஏற்பாடு. விலைப்புள்ளியில் அந்த வரி இப்படி இருந்தது: “தற்போதுள்ள பிராண்டு அல்லது அதற்கு நிகரானது, பிஓஇ 370 வாட், கான்பிகரேஷன் உட்பட.” வந்து இறங்கியது வேறொரு பிராண்டு. கேட்டதற்கு, “எல்லாம் ஒரே ஸ்டாண்டர்டுதான் சார், எந்தக் கம்பெனி ஸ்விட்சா இருந்தாலும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும்” என்றார் விற்பனையாளர்.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதால்தான் யாரும் எளிதில் நம்பிவிடுவார்கள். இரண்டு கம்பெனி ஸ்விட்சுகளைக் கேபிள் போட்டு இணைத்தால் கணினிகள் ஒன்றையொன்று பார்க்கும், பிரிண்டர் ஓடும், இணையம் வரும். ஆனால் ஐபி போனுக்கு அது மட்டும் போதாது. போனைச் செருகியவுடன், “நீ குரலுக்கான தனிப் பாதையில், இன்ன எண் விலானில் போய் உட்கார்” என்று ஸ்விட்ச் அதற்குச் சொல்ல வேண்டும். விலான் என்பது ஒரே நெட்வொர்க்குக்குள் எண் போட்டுப் பிரித்து வைக்கும் தனிப் பாதை. சிஸ்கோ ஸ்விட்சுகள் இதைச் சிடிபி என்ற தங்கள் சொந்த முறையில் சொல்கின்றன. மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் எல்எல்டிபி என்ற பொதுத் தரத்தையும், 2006இல் தொலைபேசிகளுக்கென்றே அதனோடு சேர்க்கப்பட்ட எல்எல்டிபி-மெட் என்ற பகுதியையும் பயன்படுத்துகின்றன. எங்களிடம் இருக்கும் வகைப் பழைய கேட்டலிஸ்ட் ஸ்விட்சில் சிடிபி தானாகவே இயங்கும். எல்எல்டிபியை நாம் கட்டளை கொடுத்துத்தான் இயக்க வேண்டும். புதிய ஸ்விட்சிலோ குரல் விலானை யாராவது உருவாக்கி, அதை எல்எல்டிபி-மெட் வழியாக அறிவிக்கும்படி அமைக்க வேண்டும். இரண்டு பக்கமும் உட்கார்ந்து இதைச் செய்வதற்குத்தான் “கான்பிகரேஷன் உட்பட” என்று எழுதிப் பணம் வாங்குகிறார்கள்.

காலையில் போன்கள் நன்றாகவே பேசின. பதினோரு மணி வாக்கில் பேட்டர்ன் கோப்புகளும் கேமராப் பதிவுகளும் இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஓடத் தொடங்கியதும் ஷெட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான பேச்சு துண்டு துண்டாக உடைந்தது. பேக்கிங் சூப்பர்வைசர் கார்ட்டன் எண்ணைச் சொன்னால் நடு இலக்கங்கள் காதில் விழாது. அவர் அலுத்துப்போய் மறுபடி செல்போனை எடுத்துக்கொண்டார். முதல் வாரத்திலேயே இதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பினோம்.

விற்பனையாளர் சொன்ன காரணங்கள் வரிசையாக மாறிக்கொண்டே வந்தன. முதலில் இணைய நிறுவனத்தின் மேல் பழி விழுந்தது. ஒரே வளாகத்துக்குள் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் பேசுவதற்கு இணையம் எதற்கு என்று கேட்டபோது பதில் இல்லை. பிறகு “பேண்ட்வித் பத்தல” என்றார்கள். குரலைத் தரவாக மாற்றும் வழக்கமான ஜி.711 முறையில் ஓர் அழைப்பு, எல்லா மேலுறைகளையும் சேர்த்தாலும், ஒரு திசையில் நொடிக்கு ஏறக்குறைய 87 கிலோபிட் எடுத்துக்கொள்கிறது. இருபது பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் இரண்டு மெகாபிட்டுக்கு உட்பட்டுத்தான் வரும். எங்கள் கேபிள் குறைந்தபட்சம் 100 மெகாபிட் சுமக்கக்கூடியது. அதற்குப் பிறகு, “வேலூர் வெயிலுக்கு எந்தப் பெட்டியும் இப்படித்தான் சார்” என்று ஒரு விளக்கம் வந்தது. அது மார்கழி மாதம் என்பதை நினைவூட்ட வேண்டியிருந்தது.

கடைசியில் வந்த டெக்னீஷியன், இணைப்பை “ஸ்டெடி” ஆக்குவதாகச் சொல்லி, அலுவலக ஸ்விட்சில் ஷெட்டுக்குப் போகும் போர்ட்டை 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் என்று நிலையாக வைத்துவிட்டு, சர்வீஸ் கட்டணம் வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து நிலைமை இன்னும் மோசமானது. ஒரு பக்கத்தை இப்படி நிலையாக வைத்தால் எந்த வேகத்தில், எந்த முறையில் ஓடுவது என்று மறுமுனையோடு பேரம் பேசுவதை அது நிறுத்திவிடும். மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், வேகத்தை மட்டும் சிக்னலிலிருந்து கண்டுபிடித்துக்கொண்டு, விதிப்படி ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். ஒரு முனை ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்யும். மறுமுனை ஒன்று முடிந்துதான் மற்றொன்று என்று காத்திருக்கும். போக்குவரத்து குறைவாக இருக்கும்போது இது வெளியே தெரியாது. இரண்டு பக்கத்தையும் ஆட்டோவில் வையுங்கள், இல்லையென்றால் இரண்டையும் ஒரே மாதிரி நிலையாக வையுங்கள் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். எங்களிடம் அதற்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு நேர்மாறாகச் செய்தார்கள்.

அதன்பின் விற்பனையாளர் முன்வைத்த தீர்வு, பழைய சிஸ்கோ ஸ்விட்சைத் தூக்கிப்போட்டுவிட்டு அங்கேயும் அவர் விற்கும் பிராண்டையே வாங்க வேண்டும் என்பது. வாங்கும் முன்னால், “ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும்” என்றவர், வாங்கிய பின்னால், “இது ரெண்டும் ஒத்துப்போகாது சார்” என்றார். புதிய விலைப்புள்ளியும், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தப் படிவமும் ஒரே உறையில் வந்தன.

எங்கள் முதலாளியின் தங்கை மகன் சென்னையில் ஒரு தரவு மையத்தில் நெட்வொர்க் வேலையில் இருக்கிறார். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் பார்ப்பதாகச் சொன்னார். அவருக்குப் புதிய ஸ்விட்சின் பாஸ்வேர்டு தேவைப்பட்டது, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏ.எம்.சி.) போட்டால்தான் பாஸ்வேர்டு தர முடியும் என்று விற்பனையாளர் மறுத்தார். எங்கள் பெயரில் பில் போட்டு விற்ற பொருளின் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ள முடியாது என்று லெட்டர்ஹெட்டில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகுதான் அது வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது.

உள்ளே போய்ப் பார்த்தால், கான்பிகரேஷன் என்ற பெயரில் செய்யப்பட்டிருந்தது ஓர் ஐபி முகவரியும் அந்தப் பாஸ்வேர்டும் மட்டுமே. மற்ற எல்லாம் ஃபேக்டரியிலிருந்து வந்தபடியே இருந்தன. இருபத்து நான்கு போர்ட்டும் ஒன்றாம் எண் விலானில்தான் கிடந்தன. குரல் விலான் என்று ஒன்றே அதில் இல்லை. அலுவலக ஸ்விட்சில் மட்டும் அது சரியாகப் போடப்பட்டிருந்தது. வந்த டெக்னீஷியனுக்குச் சிஸ்கோவின் கட்டளைகள் மட்டும்தான் பழக்கம், புதிய பிராண்டின் திரையை அவர் திறந்தே பார்க்கவில்லை என்பது என் ஊகம். விளைவாக ஷெட்டில் இருந்த போன்கள் எல்லாம் கணினிகளுக்கான முகவரியை வாங்கிக்கொண்டு கணினிகளோடு ஒரே பாதையில் நின்றன. அடுத்த கட்டடத்துக்குப் பேசும் பேச்சு, ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்காக எங்கள் சிறிய இணைய ரவுட்டருக்குள் புகுந்து சுற்றி வந்துகொண்டிருந்தது.

அந்தத் தம்பி தன் மடிக்கணினியில், நெட்வொர்க்கில் ஓடும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளை ஓடவிட்டு எனக்கு ஒன்றைக் காட்டினார். குரலைச் சுமக்கும் ஒவ்வொரு தரவுத் துண்டின் (பாக்கெட்) நெற்றியிலும் அதன் முன்னுரிமையைச் சொல்லும் டிஎஸ்சிபி என்ற குறி ஒன்று இருக்கிறது. குரலுக்கு வழக்கமாக அது 46. ஷெட்டில் போனிலிருந்து கிளம்பும்போது திரையில் 46 என்றுதான் இருந்தது. அதே அழைப்பை அலுவலகப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தபோது 0. எங்களிடம் உள்ள வகைப் பழைய கேட்டலிஸ்டில், முன்னுரிமை பார்த்து அனுப்பும் க்யூஓஎஸ் என்ற வசதியை இயக்கிவிட்டு, எந்தப் போர்ட்டில் வரும் குறியை நம்ப வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டால், அது எல்லாக் குறியையும் அழித்துப் பூஜ்யமாக்கிவிடும். பாதியில் நிறுத்திய வேலை, வேலையே செய்யாததைவிடக் கெடுதலாக முடிந்த இடம் இது. க்யூஓஎஸ்ஸைத் தொடாமலே விட்டிருந்தால் அந்தக் குறியாவது பிழைத்திருக்கும். டூப்ளெக்ஸ் விவகாரமும் எண்களில் தெரிந்தது. புதிய ஸ்விட்சில் அந்தப் போர்ட்டுக்கு நேரே லேட் கொலிஷன், அதாவது தரவு மோதல்; சிஸ்கோ பக்கத்தில் சிஆர்சி பிழை, அதாவது சிதைந்து வந்த தரவு. இரண்டு எண்ணிக்கையும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறின.

மாலை நேரத்தில் சில போன்கள் அணைந்து அணைந்து எழுவதற்கு மட்டும் இவற்றில் விடை கிடைக்கவில்லை. இருட்டத் தொடங்கியதும் ஷெட்டின் மூலைகளில் கேமராக்களின் இன்ஃப்ராரெட் விளக்குகள் மங்கலான சிவப்பில் எரிய ஆரம்பித்தன. சிறிது நேரத்தில் கடைசிப் போர்ட்டுகளில் இருந்த பேக்கிங் பிரிவு போனின் திரை கறுத்தது. ஸ்விட்சைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் பார்த்தோம். விலைப்புள்ளியில் 370 வாட். வந்திருந்தது 195 வாட் மாடல். பதினைந்து போன்கள் தலா ஏழு வாட் என்றால் 105. எட்டுக் கேமராக்கள் பகலில் தலா ஆறு, இரவில் விளக்கோடு பன்னிரண்டு. பகலில் மொத்தம் 153, தாக்குப்பிடிக்கிறது. இரவில் 201, ஸ்விட்ச் தன்னைக் காத்துக்கொள்ளக் கடைசிப் போர்ட்டுகளைக் கைவிடுகிறது. ஓர் உற்பத்தியாளரின் பொருளோடு இன்னொருவர் பொருள் ஒத்துப்போகவில்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது அளவில் குறைத்துக் கொடுத்தது.

சரிசெய்வதற்கு விற்பனையாளர் கேட்டபடி எந்தப் பெரிய ஸ்விட்சையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. சிஸ்கோவில் எல்எல்டிபியை இயக்கி, புதியதில் குரல் விலானை உருவாக்கி, இரண்டுக்கும் இடையிலான இணைப்பில் அதை அதன் எண்ணைக் காட்டும் டேக்கோடு கடக்கவிட்டு, இரண்டு முனைகளையும் ஆட்டோவுக்குத் திருப்பி, டிஎஸ்சிபி குறியை நம்பச் சொன்னதும் பேச்சு தெளிந்தது. அதே பழைய சிஸ்கோவும் அதே புதிய பிராண்டும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளர் பேசினால் ஒரு பக்கம் மட்டும் கேட்கும் தொல்லை ரவுட்டரில், போன் அழைப்புகளில் அது தானாகக் குறுக்கிடும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியை அணைத்ததில் போய்விட்டது. கேமராக்களுக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய பிஓஇ ஸ்விட்ச் வேறு கடையில் வாங்கினோம்.

பணத்தைப் பொறுத்தவரை, பாக்கித் தொகையை நிறுத்தி வைத்தோம். விற்பனையாளர் உடனே, தான் பதிவுபெற்ற சிறுதொழில் என்றும், 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் (எம்எஸ்எம்இ) மேம்பாட்டுச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் வட்டியோடு வசூலிப்பேன் என்றும் கடிதம் அனுப்பினார். அந்தச் சட்டம் சப்ளை செய்பவரைக் காக்கிறது என்பது சரிதான். ஆனால் பொருளையோ வேலையையோ பெற்ற 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்திருந்தால், அந்தக் குறை நீக்கப்பட்ட நாளிலிருந்துதான் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு என்றும் அதே சட்டம் சொல்கிறது. முதல் வாரத்தில் நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல் இங்கே கைகொடுத்தது. போனில் மட்டும் புகார் சொல்லிக்கொண்டிருந்தால் கையில் எதுவும் இருந்திருக்காது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றும் வழக்கறிஞரைக் கேட்டோம். வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை 2019ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை என்பதால், ஏற்றுமதி நிறுவனமான எங்களுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது என்றார். வீட்டுக்கு வாங்குகிறவர்களின் நிலை வேறு.

புதிய சிறிய ஸ்விட்சை வாங்கும்போது பர்ச்சேஸ் ஆர்டரில் “நிகரானது” என்பதை நாங்கள் அனுமதிக்கவில்லை. மாடல் எண்ணும் வாட்டும் எழுதப்பட்டன. பாஸ்வேர்டும் கான்பிகரேஷன் கோப்பின் நகலும் ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை என்று எழுதப்பட்டது. இரண்டு பிராண்டுகள் சந்திக்கும் கேபிளில் மதிய நெரிசல் நேரத்தில் அழைப்பு போட்டுக் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தோம். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார். பழைய விற்பனையாளர், 370 வாட்டுக்கும் 195 வாட்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். டூப்ளெக்ஸைக் கெடுத்ததற்கு வாங்கிய சர்வீஸ் கட்டணத்தைத் திருப்பித் தர மட்டும் இன்றுவரை மறுக்கிறார்.