வெபாஸ்டோ தெர்மோ டாப் ஈவோ 5: டீசல் காருக்குள் ஒரு சின்ன அடுப்பு

டீசல் எஞ்சின் எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கும். வீணாகும் வெப்பம் குறைவு என்பதால், மைனஸ் 10 டிகிரி காலையில் ஐடிலிங்கில் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தாலும் கூலன்ட் (எஞ்சினைச் சுற்றி ஓடிக் கேபினுக்கும் வெப்பம் தரும் திரவம்) வெதுவெதுப்பைத் தாண்டாது. ஜெர்மனியில் இன்னொரு சங்கடமும் உண்டு. எஞ்சினை வெறுமனே ஓடவிட்டுக் கண்ணாடிப் பனியை உருக்குவதைச் சாலைச் சட்டமே தடுக்கிறது. இந்த இடத்தில்தான் டீசலை எரித்துக் கூலன்டைச் சூடாக்கும் தனி ஹீட்டர் தேவைப்படுகிறது. இந்தத் துறையில் இரண்டு பெரிய பெயர்கள் உண்டு: மியூனிக் பக்கத்து ஷ்டாக்டார்ஃபின் வெபாஸ்டோ, எஸ்லிங்கனின் எபர்ஸ்பேக்கர். இங்கே பார்ப்பது வெபாஸ்டோவின் தெர்மோ டாப் ஈவோ 5, 12 வோல்ட் டீசல் மாடல்.

முழு வேகத்தில் 5 கிலோவாட் வெப்பம் தரும். அப்போது மணிக்கு சுமார் 0.59 லிட்டர் டீசல் குடிக்கும். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி ஆற்றல் இருப்பதால், உள்ளே போவதில் 85 சதவீதம் கூலன்டுக்கு வந்து சேர்கிறது. இவ்வளவு வெப்பத்தைத் தரும் பெட்டியின் எடை சுமார் 2 கிலோதான். முன்பக்க பம்பருக்குப் பின்னாலோ சக்கர வளைவுக்குள்ளோ அடங்கிவிடும். அளவுக்கும் திறனுக்கும் உள்ள இந்தப் பொருத்தம் இதன் பெரிய பலம்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஆன் செய்ததும் சுற்றோட்ட பம்ப் கூலன்டை நகர்த்தத் தொடங்கும். தீயைப் பற்றவைக்கும் ஊசியான க்ளோ பின் பழுக்கக் காயும். அந்த ஓரிரு நிமிடம் மட்டும் ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். பிறகு டேங்க் பக்கம் இருக்கும் டோசிங் பம்ப் 'டிக், டிக்' என்று அடிக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு அடிக்கும் துளித் துளியாக டீசல் வந்து பர்னருக்குள் இருக்கும் உலோக நார்மெத்தையில் ஊறும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் திரி செய்யும் வேலையை இங்கே இந்த மெத்தை செய்கிறது. ஆவியான டீசலோடு ஃபேன் தள்ளும் காற்று கலந்து பற்றிக்கொள்ளும். பற்றவைத்த க்ளோ பின்னே பிறகு காவலாளியாகிறது: அதன் மின்தடை மாறுவதை வைத்துத் தீ இருக்கிறதா என்று கன்ட்ரோல் யூனிட் அறிகிறது. கூலன்ட் 30 டிகிரி வாக்கில் வந்ததும் கேபின் ப்ளோயர் சுழலும். 70 டிகிரியைத் தாண்டினால் ஹீட்டர் தானாகத் தணிந்து, 1.5 கிலோவாட் வரை இறங்கி எரியும். நிறுத்தினால் டீசல் உடனே நிற்கும், ஆனால் ஃபேன் இரண்டு மூன்று நிமிடம் ஓடி உள்ளே மிஞ்சிய ஆவியை வெளியேற்றும். அந்த நேரத்தில் பேட்டரி கழற்றுவது, ஃப்யூஸ் பிடுங்குவது கூடவே கூடாது. பர்னரில் கரி பிடிக்க அது ஒன்றே போதும்.

எவ்வளவு நேரத்தில் கார் சூடாகும்? இரண்டு லிட்டர் எஞ்சினில் நூறு கிலோ இரும்பும் ஏழு லிட்டர் கூலன்டும் சூடாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு டிகிரிக்கும் 70 கிலோஜூல் வேண்டும். 5 கிலோவாட் 20 நிமிடம் எரிந்தால் 6000 கிலோஜூல். அதாவது மைனஸ் 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சற்று மேலே வரை, அதுவும் வழியில் ஒரு துளி வெப்பமும் நழுவாத கணக்கில். நடைமுறையில் அரை மணி நேரம் விடுவது சரி. அதற்கு 0.3 லிட்டர் டீசல் போகும். எஞ்சினைச் சேர்க்காமல் கேபினை முதலில் சூடாக்கும் வால்வு இணைப்பும் உண்டு. கண்ணாடி சீக்கிரம் தெளியும், எஞ்சின் குளிர்ந்தே இருக்கும். டீசல் காருக்கு எஞ்சினையும் சேர்த்துச் சூடாக்குவதே எங்கள் சிபாரிசு. குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது படும் பாட்டைக் குறைப்பதும் இந்த ஹீட்டரின் பாதி வேலை.

பலரும் கோட்டை விடுவது பேட்டரியில். எரியும்போது ஹீட்டரும் பம்பும் சேர்ந்து 50 வாட்டை ஒட்டி இழுக்கும். கேபின் ப்ளோயர் மெதுவேகத்தில் இன்னொரு 50 வாட் என்று வையுங்கள். அரை மணியில் 4 ஆம்பியர்-மணி, க்ளோ பின் எடுப்பது தனி. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் உறைகுளிரில் பேட்டரியின் கொள்ளளவே சுருங்கிவிடும். பத்து நிமிடப் பயணத்தில், ஹெட்லைட்டும் பின்கண்ணாடி ஹீட்டரும் எரியும்போது ஆல்டர்னேட்டரால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. தினமும் இப்படியென்றால் ஒரு வாரத்தில் ஹீட்டர் தானே நின்று எஃப் 03 என்ற பிழைக்குறியீட்டை (மின்னழுத்தம் குறைவு) காட்டும். ஹீட்டர் கெட்டுப்போனது என்று வொர்க்‌ஷாப்புக்கு வருவதில் நிறைய இந்த வகை. எத்தனை நிமிடம் சூடாக்குகிறீர்களோ அத்தனை நிமிடமாவது ஓட்டுங்கள். காரை விட்டுப் போகும்போது ப்ளோயரை மெதுவேகத்தில், வெப்பக் குமிழை முழுச் சூட்டில், காற்றைக் கண்ணாடிப் பக்கம் வைத்துவிட்டுப் போங்கள். வேகமாக வைத்தால் பேட்டரி போகும், கூலன்டும் சூடேறாது.

பொருத்தும் வேலைக்கு ஒரு முழு நாள் ஆகும். கூலி உட்பட 1500 யூரோவைத் தாண்டுவதுதான் வழக்கம். அனுபவமில்லாத கை இந்த இடங்களில் தவறும்: டீசலை எஞ்சினின் அழுத்தக் குழாயிலிருந்து 'டி' வடிவ இணைப்பு போட்டுப் பிரித்து எடுக்கக் கூடாது, டேங்கிலிருந்து தனிக் குழாயாகவே எடுக்க வேண்டும். டோசிங் பம்ப் ரப்பர் பிடிமானத்தில், வெளியேறும் முனை மேல்நோக்கிக் குறைந்தது 15 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். படுக்கையாக வைத்தால் காற்றுக் குமிழி தங்கும். 2 மில்லிமீட்டர் குழாயை இணைக்கும்போது இரண்டு முனையும் ரப்பர் ஸ்லீவுக்குள் ஒன்றோடொன்று முட்டி நிற்க வேண்டும். இடைவெளி விட்டால் அங்கே குமிழி சேர்ந்து, தீ விட்டுவிட்டு அணையும். புகைக்குழாயின் தாழ்ந்த இடத்தில் நீர் வடிய ஒரு சிறு துளை வேண்டும், இல்லையென்றால் அங்கே தேங்கிய நீர் உறைந்து குழாய் அடைபடும்.

கூலன்ட் பக்கம் ஏர் லாக், அதாவது குழாயில் சிக்கிக்கொள்ளும் காற்று, முக்கிய வில்லன். பொருத்திய மறுநாளே எஃப் 10 (அதிவெப்பம்) வந்தால், பர்னரைத் தொடாதீர்கள். முதலில் அந்தக் காற்றை வெளியேற்றுங்கள்.

எஃப் 01 என்றால் பற்றவே இல்லை, எஃப் 02 என்றால் பற்றி அணைந்தது. இரண்டுக்கும் டோசிங் பம்ப்பிலிருந்து டீசல் வருகிறதா என்பதே முதல் கேள்வி. டேங்கில் எண்ணெய் குறைவாக இருந்தாலே இது வரும். எஞ்சினுக்கு மிச்சம் வைப்பதற்காக ஹீட்டரின் எடுப்புக் குழாயைப் பொதுவாகக் குட்டையாகவே வெட்டுவார்கள். அடுத்தது குளிரில் டீசலில் உறையும் மெழுகு. ஜெர்மனியில் நவம்பர் 16 முதல் பிப்ரவரி கடைசி வரை விற்கும் குளிர்கால டீசல் மைனஸ் 20 டிகிரி வரை ஃபில்டரை அடைக்காது. ஆனால் இலையுதிர் காலத்தில் கடைசியாக ஓடிய டீசல் ஹீட்டரின் மெல்லிய குழாயில் அப்படியே நிற்கும். குளிர்கால டீசல் போட்டதும் ஹீட்டரை ஒரு கால் மணி ஓட்டிப் பழையதை எரித்துத் தீர்ப்பது நல்லது. மூன்றாவது காரணம் கரி. தினமும் ஐந்து நிமிடம் எரித்து அணைப்பவர்களின் பர்னர்தான் முதலில் அடைபடும். கிளம்பும்போது சிறிது வெண்புகை இயல்பு. எரிய ஆரம்பித்த பின்னும் கருப்பாக வந்தால் பர்னரைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

நார்வே, ஜெர்மனி, சுவிஸில் பழைய டீசல் கார் வாங்கும் நம்மவர்களுக்கு ஒரு தகவல். முதல் தலைமுறை வோக்ஸ்வாகன் ஷரான் போன்ற பல டீசல் கார்களில் இதே வகை ஹீட்டர் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்தது. ஆனால் அது 'ட்சூஹைட்சர்', அதாவது எஞ்சின் ஓடும்போது மட்டும், வெளியே சுமார் 5 டிகிரிக்குக் கீழே போனால் எரியும் துணை ஹீட்டர். நின்ற காரைச் சூடாக்கும் 'ஷ்டாண்ட்ஹைட்சுங்' ஆக்க, பெரும்பாலும் சுற்றோட்ட பம்ப், டைமர் அல்லது ரிமோட், ப்ளோயர் இணைப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் போதும். புது ஹீட்டர் வாங்குவதைவிட மலிவு. வாங்கும்முன் குளிர்ந்த காரை ஸ்டார்ட் செய்து, சில நிமிடத்தில் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரைச்சலும், பின்பக்கம் அடியில் 'டிக் டிக்' சத்தமும் கேட்கிறதா என்று பாருங்கள். வோக்ஸ்வாகன் குழுமக் கார் என்றால் ஸ்கேனரில் 18-ஆம் முகவரியை (துணை ஹீட்டருக்கான பிரிவு) திறந்து பிழைக்குறியீடு பாருங்கள். பிழையால் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு எரிய மறுக்கும் ஹீட்டர் என்பது பேரம் பேச நல்ல காரணம்.

சின்ன கார் என்றால் ஈவோ 4 போதும், 4 கிலோவாட். எஸ்டேட், எஸ்யூவி, வேன் என்றால் தயங்காமல் ஈவோ 5. டி91 ரிமோட் திறந்தவெளியில் ஒரு கிலோமீட்டர் வரை எட்டும், அடுக்குமாடியின் நிலத்தடி பார்க்கிங்குக்குள் எட்டும் என்று நம்பவேண்டாம். எப்படியும் அங்கே ஹீட்டரைப் போடவே கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மூடிய காராஜில் அது உயிருக்கு ஆபத்து. பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன்பே டைமர் உட்பட அணைத்துவிடுங்கள், ஃபேன் ஓடி அடங்க அந்த இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். கோடையிலும் மாதம் ஒருமுறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ப்ளோயரைக் குறைந்த வேகத்தில் வைத்துப் பத்து நிமிடம் எரியவிடுங்கள். பம்ப் இறுகாமல் இருக்கும், டிசம்பரில் முதல் முயற்சியிலேயே பற்றும்.